செஞ்சி ராணிக்குச் சேலை உடுத்தியது

எனக்கு அந்த ராசாவைப் பிடிக்காது. செத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒருவன் மேல் இத்தனை கோபம் ஏனம்மா என்று மகள் கேட்டிருக்கிறாள். அவன் மேல் உள்ளது பாதிதான். மீதி, அவனை மேடையில் ஏற்றிவிட்டு மூக்கைச் சிந்திய எங்கள் ஆட்கள் மேல் உள்ளது. இரண்டையும் சேர்த்து அவன் தலையில் போடுகிறேன். ராசாதானே, தாங்கட்டும்.

நான் ஜெர்மனிக்கு வந்த காலத்திலிருந்து மணப்பெண்களுக்குச் சேலை உடுத்திவிடுகிறவள். வார நாட்களில் மருந்துக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்குகிற வேலை. சனி ஞாயிறுகளில் எசன், டோர்ட்முண்ட், ஊன்ட்றொப் என்று எங்கே தமிழ்க் கலியாணம் நடந்தாலும் சேலைக்குக் குத்துகிற ஊசிப்பின் பெட்டியும் நானும் அங்கே நிற்போம். எங்கள் கலியாணத்தில் பெண் முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைச் சேலையை அவள் கையில் கொடுத்ததும், எழுந்து உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு திரும்பி வந்து உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டே வாசலைப் பார்ப்பார், வீடியோக்காரப் பெடியன் கதவைத் தட்டுவான், ஹோல்காரன் மணியைக் காட்டுவான். அந்த அவசரத்துக்குள் கனத்த பட்டை, கொய்யகம் என்கிற முன்மடிப்புக் கலையாமல், மடித்துச் செருகி அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. நான் உடுத்திய பெண்களில் சிலருடைய பிள்ளைகளுக்கும் நானே உடுத்தியிருக்கிறேன்.

என் மனுசன் மாரடைப்பில் போனான். அவனோடு சேர்ந்து அந்தப் பெயரும் போயிற்று. இனி வராதே என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. தொலைபேசி அடிப்பது நின்றது, அவ்வளவுதான். ஏற்கெனவே பேசி வைத்திருந்த ஒரு கலியாண வீட்டுக்காரி மட்டும் எடுத்தாள். "அக்கா, நீங்கள் இப்ப கவலையிலை இருப்பியள். உங்களுக்குக் கரைச்சல் தரேல்லை" என்றாள். அடுத்த மாதம் அவளே, தன் வீட்டுச் செத்தவீட்டுக்கு நாற்பது பேருக்குச் சோறு சமைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கவலை அப்போது தடையாக இருக்கவில்லை.

இவ்வளவு நாறலையும் நான் பொறுத்துக்கொண்டு இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. நிச்சயார்த்தத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவள், "என்ரை கூறையை அம்மாதான் உடுத்திவிடுவா" என்று சொன்னாள். சம்பந்தியம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், மகள் சொன்னது சொன்னதுதான் என்று நம்பினேன். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் உடுத்திய கை இது. சொந்தப் பிள்ளைக்கு உடுத்த விடமாட்டார்களா? அந்த ஒன்று மட்டும் நடந்தால் போதும், மிச்சத்தையெல்லாம் துடைத்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் ராசா வந்து சேர்ந்தான்.

சம்பந்தி எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தின் தலைவர். வருடா வருடம் கலைவிழா வைப்பார்கள். பரதநாட்டியம், பாட்டு, பட்டிமன்றம், கொத்துரொட்டி. அந்த வருடம் ஒரு கூத்து வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அங்கே கோயில் முற்றத்தில் கூத்து ஆடி வளர்ந்தவர், இங்கே லொறி ஓட்டுகிறார். அவரைப் பிடித்து, செஞ்சிக் கோட்டையை ஆண்ட ராசபுத்திர ராசாவின் கதையைப் போடுவது என்று முடிவாயிற்று. ராசாவாக நடிக்கப் போவது என் வருங்கால மருமகன். ராணியாக என் மகள். கலியாணம் கட்டப் போகும் இரண்டும் மேடையில் ராசாவும் ராணியுமாக நின்றால் எப்படி இருக்கும் என்று தலைவருக்குப் பூரிப்பு.

எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். அந்தக் கதையில் ராசா சண்டையில் செத்துப் போவான். ராணி அவனோடு நெருப்பில் ஏறுவாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வாசற்படி தாண்டாத ஆட்கள், பூனை குறுக்கே போனால் காரை நிறுத்துகிற ஆட்கள், கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் மாப்பிள்ளையை மேடையில் சாகடித்துப் பெண்ணைக் கொளுத்துகிற கதையை எடுத்து வைத்துக்கொண்டு, "நல்ல பொருத்தமெல்லோ!" என்று கை தட்டினார்கள். அதில் ஒருவருக்கும் அபசகுனம் தெரியவில்லை. அபசகுனம் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

வேலை பிரிப்பதற்காகத் தலைவர் வீட்டில் கூடியபோது சம்பந்தியம்மா எனக்குத் தேத்தண்ணி தந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்கையைத் தடவினாள். யாராவது என் முழங்கையைத் தடவினால் எனக்கு இப்போது பயம்.

"ராணிக்கு ரெண்டு உடுப்பு இருக்கு. முதல் காட்சி கலியாணம். அதுக்கு நான் பிள்ளைக்கு உடுத்திவிடுறன். கடைசிக் காட்சி, நெருப்பிலை இறங்கிறது. அதுக்கு நீங்கள் உடுத்திவிட்டால் காணும்."

"ஏன் அப்பிடிப் பிரிக்கிறியள்? ரெண்டையும் நானே செய்வன்தானே."

"அது வந்து... கடைசியிலை அவவுக்குப் புருசன் இல்லையெல்லோ. பிழையா நினைக்காதேங்கோ. உங்கடை கை ராசியான கைதான், ஆனா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

நாடகத்துக் கலியாணம். அட்டையில் வெட்டிய மணவறை, பித்தளைத் தாலி. அதற்குக்கூட என் கை ஆகாது. கொளுத்துவதற்கு மட்டும் ஆகும். மகள் எதிரே இருந்து தொலைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டால் கலியாணத்தில் வந்து விடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஓம் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைப் பருத்திச் சேலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், இந்த ராசா யார் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் கதையாகக் கேட்டதுதான். நீலக் குதிரை, வீரம், நட்பு என்று ஆசிரியர் கண்ணை உருட்டிச் சொன்னது நினைவிருந்தது. இப்போது அதை ஒரு வளர்ந்த பெண்ணாக, அதுவும் கோபத்தோடு, வாசித்தேன்.

வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராசபுத்திரக் குடும்பம். தகப்பன் டில்லிப் பாதுஷாவின் படையில் இருந்து செஞ்சியைக் கையில் வாங்கியவன். மூன்று மலைகளைச் சுற்றிச் சுவர் கட்டிய கோட்டை அது. நாயக்கர், பீஜப்பூர்க்காரர், மராட்டியர், மொகலாயர் என்று ஆளாளுக்குப் பிடித்துக் கைமாறியது. தகப்பன் சாக, இருபது வயதை ஒட்டிய மகன், இளம் பெண்சாதியோடும் கொஞ்சக் குதிரைவீரரோடும் தெற்கே இறங்கி வந்தான். பாதுஷா என் தகப்பனுக்குத் தந்தது இனி எனக்கு என்று கோட்டையில் ஏறி உட்கார்ந்தான். ஆற்காட்டு நவாப்புக்கு அது பிடிக்கவில்லை. திறையைக் கட்டு, புது ஆணையைக் காட்டு என்று ஆள் அனுப்பினான். முடியாது என்றான் இவன். வார்த்தை தடித்தது. கோட்டைக்குள் ஒரு வருடம் முழுதாக இருப்பதற்கு முன்பே நவாப்பின் படை வந்து இறங்கிவிட்டது.

அங்கே பல்லாயிரம் பேர். இவனிடம் சில நூறு. கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கலாம். அதே கோட்டைக்கு முன்னால் மொகலாயப் பெரும்படையே வருடக்கணக்காகக் காத்துக் கிடந்து சலித்திருக்கிறது. அதெல்லாம் ஆம்பிளைக்கு அழகில்லை என்று இவன் வெளியே வந்தான். இடையில் ஆறு கரை புரண்டு ஓடியது. வெள்ளம் வடியட்டும் என்று சொன்னவர்களைக் கேளாமல் குதிரையை இறக்கினான். பின்னால் வந்தவர்களில் பலர் அக்கரை போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டான், நவாப்பின் தளபதி ஒருவனை வெட்டிச் சாய்த்தான், குதிரையின் காலை வெட்டினார்கள், பிறகு நெஞ்சில் ஒரு குண்டு. அத்தோடு சரி. அவனுடைய முஸ்லிம் சிநேகிதன் ஒருவன் கலியாணப் பந்தலிலிருந்து அப்படியே எழுந்து வந்து பக்கத்தில் நின்று செத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண் என்ன ஆனாள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

ராணியைப் பற்றிச் சொல்வது இன்னும் மோசம். கலியாணம் கட்டியும் அவள் முகத்தை அவன் பார்த்திருக்கவில்லையாம். சண்டைக்குப் போகும்போது திரைக்கு இந்தப் பக்கம் நின்று விடை கேட்டானாம். அவள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெற்றிலையை நீட்டினாளாம். கையை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். முகம் பார்க்காத அந்த மனிதனோடு அவள் சிதையில் ஏறினாள். அதைக் கேள்விப்பட்டு நவாப் மனம் உருகி அவள் பெயர் சொல்ல ஒரு ஊர் அமைத்தானாம். புருசனைச் சுட்டுப் போட்டவன் பெண்சாதிக்கு ஊர் கட்டுகிறான், அதையும் பெருந்தன்மை என்று பாட்டில் சேர்த்து வைத்திருக்கிறோம். எனக்கு அந்த நவாப்பையும் பிடிக்காமல் போயிற்று.

இருபது வயதுப் பெடியனுக்கு மானம் என்று ஒன்றைக் காட்டி வெள்ளத்தில் இறக்கிவிடுவதை நான் கதையில் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. சொந்த நாட்டில், போர் நடந்த காலத்தில், எங்கள் தெருவில் அப்படி இறங்கியவர்களுடைய படங்களுக்கு மாலை போட்டிருந்தது. அவர்களுடைய தாய்மார் அந்தப் படங்களுக்கு முன்னால் எப்படி இருந்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் மனுசன் அந்த வயதில் ஓடி வந்தவன். போலந்து எல்லைக் காட்டில் பனிக்குள் கிடந்து, கால்விரல் ஒன்று கருகி, இங்கே வந்து, பாண் பேக்கரியில் வேலை செய்து, என்னைக் கூப்பிட்டு, ஒரு மகளைப் பெற்று, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்தான். அவனுக்கு ஒருவரும் கூத்துப் போடப் போவதில்லை. எனக்கு அவன்தான் கெட்டிக்காரன்.

வாசித்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. ராசபுத்திரப் பெண்கள் சிதைக்கு வெள்ளை உடுத்திப் போவதில்லை. மணப்பெண்ணாகத்தான் போவார்கள். கலியாணச் சிவப்பு, நகை, பூ, பொட்டு எல்லாம். நான் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அவையள் வெள்ளையோடை போறேல்லை. கலியாணப் பொம்பிளை மாதிரி வெளிக்கிட்டுத்தான் போறவை. நான் என்ன செய்ய?"

"அப்பிடியோ! அப்ப இன்னும் நல்லா இருக்குமே. வெள்ளை எண்டால் லைற்றுக்கு எடுக்காது. சிவப்பையே போடுங்கோ தங்கச்சி."

ஒரு பெண்ணை எரிக்கும்போது எந்த நிறம் லைற்றுக்கு எடுக்கும் என்பதுதான் அவருக்கு யோசனை. சம்பந்தியம்மாவிடமும் சொல்லிவிடுங்கோ என்றேன். ஓம் ஓம் என்றார். அவர் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

விழா நாள் காலையில் மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்தார். தடித்த, சிரிக்காத மனிதர். மேடையில் சிதை தயாராக இருந்தது. உண்மை நெருப்பு வைக்க விடமாட்டார்கள் என்பதால் செம்மஞ்சள் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கட்டி, கீழே காற்றாடி வைத்து, சிவப்பு விளக்குப் போட்டிருந்தோம். அவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். தீப்பிடிக்காத துணி என்ற சான்று இருக்கிறதா என்று கேட்டார். பிறகு இது என்ன காட்சி என்று கேட்டார். மகள் ஜெர்மன் மொழியில் விளக்கினாள். உயிரோடா என்று கேட்டார். ஓம் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, நீ சம்மதித்தாயா என்று கேட்டார். அவள் சிரித்து, நாடகம்தானே என்றாள். அத்தனை ஒத்திகையிலும், அத்தனை தேத்தண்ணிக் கூட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர் துணி சோதிக்க வந்த அந்த ஆள் ஒருவர்தான். எங்கள் ஆட்கள் அதற்குள் அவருக்கு ஒரு பிளேட் கொத்துரொட்டி கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முதல் காட்சி நடக்கும்போது நான் உடுப்பு மாற்றும் அறையில் காத்திருந்தேன். கலியாணப் பாட்டு கேட்டது. சண்டைக் காட்சியில் மத்தளம் காதைக் கிழித்தது. மருமகப்பிள்ளை ஆற்றைக் கடப்பதற்கு நீலச் சேலை இரண்டைப் பிடித்து ஆட்டினார்கள். சனம் விசில் அடித்தது. மகள் ஓடி வந்தாள். நான் உடுத்த ஆரம்பித்தேன். கூறை மாதிரியே சிவப்புப் பட்டு. கொய்யகம் மடித்தேன், செருகினேன், முந்தானையைத் தோளில் ஏற்றினேன். நெற்றிச்சுட்டி வைத்தேன், பொட்டு வைத்தேன். தலை நிறையப் பூ வைத்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் கை நீண்ட காலத்துக்குப் பிறகு தன் வேலையைச் செய்தது. அந்தக் கொஞ்ச நேரம் எதற்காக உடுத்துகிறேன் என்பதையே மறந்து சந்தோசமாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு சம்பந்தியம்மா வந்தாள்.

"ஐயோ! என்ன செய்து வச்சிருக்கிறியள்? கலியாணம் வச்சிருக்கிற பிள்ளைக்கு நீங்கள் பூ வைக்கலாமோ?"

"இந்தக் காட்சிக்கு உடுத்திவிடச் சொன்னது நீங்கள்தானே."

"நான் வெள்ளையெல்லோ தந்தனான்!"

"வெள்ளையை உடுத்திவிடட்டோ? உங்கடை மகன் இன்னும் உயிரோடைதான் இருக்கிறார்."

வெள்ளை உடுத்தினால் அவளுடைய மகனுக்கு ஆகாது. சிவப்பை நான் உடுத்தினால் மருமகளுக்கு ஆகாது. மேடையில் அண்ணாவியார் ராணியைக் கூப்பிடும் பாட்டை இரண்டாம் தரம் பாடிக்கொண்டிருந்தார். தலைவர் ஓடி வந்தார், என்ன பிரச்சினை என்று கேட்டார், தீர்ப்பும் சொன்னார். "அந்தப் பூவையும் பொட்டையும் மட்டும் நீ மாத்தி வச்சுவிடு. அதோடை சரி. நேரமில்லை."

சம்பந்தியம்மா நான் வைத்த பூவை உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள். பெரிய பெட்டியிலிருந்து வேறு பூ எடுத்து வைத்தாள். ஈரத் துடைப்புத் தாளால் என் மகளின் நெற்றியை அழுத்தித் துடைத்து, வேறு பொட்டு வைத்தாள். அழுக்கைத் துடைப்பது போலத்தான் துடைத்தாள். நான் வைத்த பொட்டு அந்தத் தாளில் சிவப்பாகப் பரவியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள், துடைப்பதற்கு வசதியாக. பிறகு மேடைக்குப் போனாள்.

நான் மண்டபத்துக்குள் வந்து ஓர் ஓரக் கதிரையில் உட்கார்ந்தேன். மகள் சிதையை மூன்று முறை சுற்றினாள். காற்றாடி வேகமாகச் சுழன்றது. துணிக்குள் அவள் மறைந்ததும் மண்டபம் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். முன் வரிசையில் இருந்த ஒருவர், "பத்தினி எண்டால் அது" என்று உரக்கச் சொன்னார். வாரம் முழுக்க மனைவியோடு வழக்காடுகிற மனிதர். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்தபடி என் கையைப் பிடித்து, "என்னண்டு போச்சுது பாருங்கோ அக்கா, புருசனில்லாமல் ஒரு நிமிசம் இருக்கேல்லை" என்றாள். சொன்ன பிறகுதான் யாருடைய கை என்று பார்த்தாள். எரிந்தவளுக்காக அழுதவளுக்கு, எரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். கைதட்டல் ஓயவில்லை. கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

காரில் மகளோடு திரும்பினேன். பல்கலைக்கழகத்தில் படித்து, ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். ஒத்திகை தொடங்கியபோது, இது கொலையம்மா, கொலைக்குப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று என்னிடம் கத்தியவள். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சொன்னாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. கூறையை மாமியே உடுத்திவிடட்டும். அவைக்கு அது பெரிய விசயமாக் கிடக்கு. ஒரு நாள்தானே."

அந்த ராணியிடமும் யாரோ இப்படித்தான் மெல்லிய குரலில் பேசியிருப்பார்கள், ஒரு நாள்தானே என்று. யார் மேல் அருவருப்புப் படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை ராசா மேல், நவாப் மேல், சம்பந்தி மேல் என்று பகிர்ந்து வைத்திருந்தேன். பெற்ற பிள்ளையை எந்தப் பக்கம் வைப்பது? அவள் எனக்காகக் கலியாணத்தையே விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துடைக்கும்போது முகத்தைத் தூக்காமல் இருந்திருந்தால் போதும். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரி, அப்பிடியே செய்யட்டும்" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் திருப்பிக் கட்டிப்பிடிக்கவில்லை.

கலியாணத்தன்று எனக்குப் பின் வரிசையில் ஒரு கதிரை. தாரை வார்ப்பதற்குத் தம்பியும் அவன் மனைவியும் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். அதுவும் முறைதான். சோடியாக இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். நான் போடுவதற்கென்று தம்பி மனைவி சாம்பல் நிறச் சேலை ஒன்றைத் தேய்த்துக் கட்டிலில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. எல்லோரையும் முதலில் போகச் சொன்னேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து என் கூறையை எடுத்தேன். மடித்த இடங்களில் சரிகை கறுத்திருந்தது. பிறருக்கு உடுத்தும்போது எடுக்கிற கவனத்தோடு எனக்கு நானே உடுத்தினேன். பொட்டு வைத்தேன். பூ வைத்தேன். மகளுக்கு உடுத்துவதற்குத்தான் இவர்களுடைய உத்தரவு தேவை. எனக்கு உடுத்துவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாதஸ்வரம் மட்டும் நிற்கவில்லை. மற்றதெல்லாம் நின்றது. நான் நேராக நடந்து முன் வரிசையில், நடுப்பாதையை ஒட்டி இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். பின்னால், "விசரோ இவவுக்கு" என்று ஒரு குரல். சம்பந்தியம்மா மணவறைக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றாள். தலைவர் தன் சால்வையைச் சரிசெய்தார். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். நான் மணவறைப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவராவது வந்து எழும்பச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

மகள் கூறையை வாங்கிக்கொண்டு சம்பந்தியம்மாவோடு உள்ளே போனாள். நேரம் போயிற்று. ஐயர் மந்திரத்தை இழுத்தார். பிறகு கதவு திறந்தது. தோழியோடு மகள் நடுப்பாதையில் வந்தாள், சம்பந்தியம்மா பின்னால். பத்தடி வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கொய்யகம் இடுப்பில் நிற்கவில்லை, அவள் இடது கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு நடந்தாள். என் கதிரைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். அப்போதுதான் என்னை முழுதாகப் பார்த்தாள். என் கூறையை, பொட்டை, பூவை. அவள் முகம் கோணியது.

"அம்மா, கழருது. நடக்க ஏலாமல் கிடக்கு."

மாமியைக் கூப்பிடு என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சம்பந்தியம்மா முன்னே வந்து, "நான் செய்யிறன், விடுங்கோ" என்று கையை நீட்டினாள்.

"வேண்டாம் மாமி. அம்மா செய்யட்டும்" என்றாள் மகள்.

அவ்வளவு சனத்துக்கும் கேட்டது. நான் கதிரையை விட்டு இறங்கி, அந்தப் பாதையில் அவள் முன்னால் முழங்காலில் நின்றேன். மடிப்புகளை உருவினேன், எண்ணிச் சேர்த்தேன், இழுத்துச் செருகினேன். மேலேயிருந்து அவளுடைய கண்ணீர் என் தலையில் விழுந்தது. அவள் ஏதோ சொன்னாள், மன்னிப்பாக இருக்கலாம், சரியாகக் கேட்கவில்லை. ஏதாவது பதில் சொல்லென்று மனம் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், ஊசிப்பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.